மேடத்துக்கு டிராயிங் வேண்டாமாம்

"கண் டாக்டருக்கே கண்ணு போயிருச்சாமே" என்று தஞ்சாவூரில் பேசிக்கொள்கிறார்கள். கீழவாசலில் சாமான் வாங்கப் போன என் கணவரிடம் ஒருவர் நேரடியாகவே கேட்டிருக்கிறார். முழுசாகப் போகவில்லை, பாதி போயிருக்கிறது. எப்படிப் போனது என்பதை ஊர் ஒரு மாதிரி சொல்கிறது, ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி சொல்கிறார்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குப் பதில் சம்பந்தப்பட்டவளே சொல்லிவிட்டால் தேவலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் தெருவிலிருந்து டாக்டருக்குப் படித்த முதல் ஆள் நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. "மேடம்" என்று நாலு பேர் என்னைக் கூப்பிடுவது சும்மா வந்ததில்லை. வந்த பிறகு அதை யாரும் பிடுங்கிவிடக் கூடாதே என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் நான் நடந்துகொண்ட லட்சணத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கண் அறுவை சிகிச்சை என் தொழில். இளம் டாக்டர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது அதே தொழிலின் இன்னொரு பாதி. என்னிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள். நான் கத்துவேன். கை நடுங்கினால் கத்துவேன், கை நடுங்காமல் தப்பு செய்தால் இன்னும் சத்தமாகக் கத்துவேன். அப்படிக் கத்தித்தான் நல்ல சர்ஜன்களை உருவாக்குகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு மின்னல் அடித்தது. வெளியே மழை இல்லை. மத்தியானத்துக்குள் கொசு பறப்பது போலக் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. மறுநாள் விடிந்தபோது மூக்குப் பக்கத்தில் கீழேயிருந்து ஒரு நிழல் ஏறத் தொடங்கியிருந்தது.

டாக்டர்கள் தங்கள் நோயைத் தள்ளிப்போடுவார்கள் என்பார்கள். நிழலைப் பார்த்த பிறகு நான் தள்ளிப்போடவில்லை. அந்தப் பாவம் மட்டும் என் தலையில் இல்லை. தட்டில் இட்லி ஆறுவதற்குள், நான் வேலை பார்க்கிற கண் ஆஸ்பத்திரிக்கே போக ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

என்ன நோய் என்று எனக்கே தெரியும். கண்ணுக்குள் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் பதிகிறது. அது எங்காவது கிழிந்தால், கிழிசல் வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் நீர் பின்னால் புகுந்து, ஈரச் சுவரில் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வருவது போல, படலத்தைச் சுவரிலிருந்து உரித்துவிடும். படலத்தின் நடுப்புள்ளி உரிவதற்குள் ஒட்டிவிட்டால் பழைய பார்வை வந்துவிடும். நடுப்புள்ளியும் உரிந்துவிட்டால் பிறகு ஒட்டினாலும் பழையபடி வராது.

எனக்கு வெறும் பார்வை மட்டும் போதாது. மைக்ரோஸ்கோப்பில் ஆபரேஷன் செய்கிறவளுக்கு இரண்டு கண்ணும் ஒன்றுசேர்ந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் ஆழம் தெரியும். ஊசி கண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, மேலே நிற்கிறதா என்பது ஒற்றைக் கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆகவே அன்று நான் பயந்தது கண்ணுக்காக மட்டுமில்லை. மைக்ரோஸ்கோப் நாற்காலியில் இனி உட்கார முடியாதோ என்றும் பயந்தேன்.

விழித்திரைப் பிரிவைப் பார்க்கிற சுகுமார் என் மாணவன். நான் அதிகமாகத் திட்டித் தீர்த்த மாணவனும் அவன்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. ஆனாலும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"மேல, வெளிப்பக்கமா ஒரு கிழிசல் மேடம். நல்ல வேளை, நடுப்பகுதி ஒட்டிதான் இருக்கு. நாளைக்குக் காலைல முதல் கேஸா எடுத்துடறேன்."

"பழையபடி மைக்ரோஸ்கோப்புல உட்காருவேனா?"

"கண்டிப்பா உட்காருவீங்க மேடம்."

அந்த ஆஸ்பத்திரியில் அன்று எனக்கு டோக்கன் இல்லை, வரிசை இல்லை. பில் என்று வாயைத் திறந்தால் கவுன்ட்டரில் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள். ரத்தப் பரிசோதனைக்குக்கூட நான் போகவில்லை, அதுவே என்னைத் தேடி வந்தது. இசிஜி எடுக்க மட்டும் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது. அங்கே பெஞ்சில் ஒற்றைக் கண்ணில் கட்டோடு இருந்த ஒரு பெரியவர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் எழுந்தார். அம்மாப்பேட்டைப் பக்கத்து விவசாயி, முருகையன் என்று பெயர். அவருக்கும் இதே நோய். சுகுமார்தான் ஆபரேஷன் செய்திருந்தான்.

"டாக்டரம்மா, நீங்களா? உங்களுக்கே கண்ணா! என்னம்மா அநியாயமா இருக்கு?"

"ஏன், டாக்டருக்குக் கண்ணுல நோய் வரக் கூடாதா?"

"வரலாம்மா, வரலாம். ஆபரேஷனைக்கூட தாங்கிக்கலாம். அதுக்கு முன்னாடி அந்தப் புள்ள கண்ணை அழுத்து அழுத்துன்னு அழுத்திப் படம் போட்டுச்சே, அதுலதான் எனக்கு உசுரே போயிடுச்சு. எந்திரிச்சு ஓடப் பாத்தேன். நீங்கதான் வந்து உட்கார வச்சீங்க. ஞாபகம் இருக்கா? வரப்புல ஒரு நண்டு வளையை அடைச்சுட்டு இன்னொண்ணை விட்டுட்டா வயல்ல தண்ணி நிக்குமாய்யா, அதான் எல்லாத்தையும் தேடுறோம்னீங்க. அப்புறம் வாயைத் திறப்பனா நானு?"

எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாரிடமும் சொல்வதுதான் அது.

அவர் சொன்ன படத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. அதை ஏற்படுத்தியவள் நான். விழித்திரை உரிந்து யார் வந்தாலும், ஆபரேஷனுக்கு முந்தின நாள் பயிற்சி டாக்டர் ஒருவர் நோயாளியைப் படுக்கவைத்து, நுனி உருண்ட சின்ன உலோகக் கம்பியால் இமைக்கு மேலே சுற்றிச்சுற்றி அழுத்தி, விழித்திரையின் விளிம்பு வரைக்கும் பார்க்க வேண்டும். பார்த்ததை ஒரு பெரிய வட்டத் தாளில் வரைய வேண்டும். ஒட்டியிருப்பது சிவப்பு, உரிந்தது நீலம், ஓட்டை என்றால் நீல வட்டத்துக்குள் சிவப்பு. முக்கால் மணி நேரமாவது ஆகும். வலிக்கும். பெரிய டாக்டர்கள் அவசரத்தில் தாண்டிப்போகிற மூலைகளில்தான் இரண்டாவது ஓட்டை ஒளிந்திருக்கும். கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு அவசரம் தெரியாது. அதனால் அவர்கள் கண்ணில் அது படும். டிராயிங் இல்லாத நோயாளியைத் தியேட்டருக்குள் விடாதே என்று நான் போர்டு எழுதி மாட்டாத குறை.

அன்று சாயங்காலம் என் அறைக் கதவைத் தட்டிவிட்டு நிலோஃபர் உள்ளே வந்தாள். இரண்டாம் வருஷ மாணவி, கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி, அப்பா துபாயில் கடை வைத்திருக்கிறார். கையில் வட்டத் தாளும் பென்சில் டப்பாவும் இருந்தன.

"மேடம், டிராயிங்."

"எனக்கா?"

"என் டர்ன் மேடம். நீங்க ரெடின்னா ஆரம்பிச்சிடறேன்."

"சுகுமார் பாத்தாச்சும்மா. எங்க கிழிஞ்சிருக்குன்னு தெரியும். போ."

அவள் உடனே போகவில்லை. "ரூல் மேடம்..." என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"ரூல் போட்டது யாரு? எனக்கே சொல்றியா?"

பென்சில் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். வெளியே யாரோ கேட்டதற்கு அவள் சொன்ன பதில் உள்ளே எனக்குக் கேட்டது: "மேடத்துக்கு டிராயிங் வேண்டாமாம்."

அது தேவையில்லை என்று நினைத்தா மறுத்தேன்? இல்லவே இல்லை. ஆஸ்பத்திரி உடுப்பில், அவிழ்ந்த கொண்டையோடு, நான் திட்டுகிற ஒரு பெண்ணின் கைக்குக் கீழே மல்லாந்து படுத்து, அவள் அழுத்தும்போது நான் "ஐயோ அம்மா" என்று கத்திவிடுவேனோ என்று பயந்தேன். கத்தினால் மறுநாளிலிருந்து என் கத்தலுக்கு யார் பயப்படுவார்கள்? இதுதான் நிஜம். எழுதும்போதே காது சுடுகிறது.

மறுநாள் ஆபரேஷன். கண்ணுக்குக் கீழே ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள், நாம் முழித்துக்கொண்டுதான் இருப்போம். முகத்தை மூடின துணிக்கு அடியில் மூச்சுக்கு ஒரு குழாய். உள்ளே ஓடுகிற கருவிகளின் நிழலை நானே பார்த்தேன். என் மாணவர்கள் என்னிடம் கற்றபடியே விடாமல் பேச்சுக் கொடுத்தார்கள். நோயாளியிடம் பேசிக்கொண்டே இருங்கள், ஏதாவது சரியில்லை என்றால் மட்டும் வாயை மூடுங்கள் என்பது என் பாடம். பேச்சு ஓடிக்கொண்டிருந்தவரை எனக்கு நிம்மதியாக இருந்தது.

கடைசிக் கட்டத்தில் சுகுமார் கண்ணை வெளியிலிருந்து அழுத்தி விளிம்புகளைப் பார்த்தான். மேல்பக்கம் முடிந்தது. கீழ்ப்பக்கம் வந்தபோது மருந்து அங்கே சரியாகப் பிடிக்கவில்லை போல, உச்சி வரைக்கும் சுரீரென்றது. நான் காலை உதறியிருக்கிறேன். தியேட்டரில் பேச்சு நின்றுவிட்டது. நின்றால் ஏதோ சரியில்லை என்றுதான் அர்த்தம்.

"என்ன சுகுமார்?"

"ஒண்ணுமில்ல மேடம். இன்னொரு டோஸ் மருந்து குடுத்துட்டு, கீழ ஒரு சுத்து அழுத்திப் பாத்துடறேன்."

"மேலதான கிழிசல்? அதை அடைச்சாச்சுல்ல? போதும், கண்ணுக்குள்ள கேஸை ரொப்பி முடி."

"ஒரே நிமிஷம் மேடம்..."

"சுகுமார்! முடிங்கறேன்ல!"

வகுப்பில் கத்துகிற அதே குரல். கண்ணைத் திறந்து போட்டுக்கொண்டு, கத்தி பிடித்திருக்கிறவனுக்குத் துணிக்கு அடியிலிருந்து உத்தரவு போட்ட நோயாளி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவன் முடித்துவிட்டான்.

கண்ணுக்குள் கேஸ், அதாவது வாயு, அடைத்தால் குப்புறப் படுத்திருக்க வேண்டும். கேஸ் மேலே எழும்பிப் படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். குப்புறப் படுக்க முடியவில்லை என்று அழுதவர்களை "இதுகூடவா முடியாது?" என்று நான் கேட்டிருக்கிறேன். முடியாதுதான். கழுத்து ஒடிகிறது, தாடை மரக்கிறது, மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஆட்களை அவர்கள் கால்களை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொண்டேன். என் கணவர் செல்வம் பேராவூரணித் தோப்பில் தேங்காய் வெட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே குடியிருந்தார். இட்லியைப் பிய்த்துக் கீழேயிருந்து மேலே ஊட்டினார். காபிக்கு ஸ்ட்ரா போட்டார்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நீ தலை குனிஞ்சு இப்பதான் பாக்குறேன் வசந்தா" என்றார் தரையிலிருந்து. சிரித்ததில் காபி மூக்கில் ஏறிவிட்டது. அந்த மனுஷன் முதுகுவலிக்காரர். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். கேஸ் கரையக் கரைய, கொத்தனாரின் ரசமட்டத்தில் நீர் ஆடுகிற மாதிரி ஒரு கோடு பார்வையில் ஆடிக்கொண்டே கீழே இறங்கும். கோட்டுக்கு மேலே உலகம் தெளிவாகத் தெரிந்தது. காலண்டரில் இருந்த சின்ன எழுத்தைப் படித்துவிட்டு ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். நாற்றங்கால் விடுகிற சமயம் அது, மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று எல்லாரும் அதையே பேசினார்கள், நான் என் கண்ணைப் பற்றியே பேசினேன். அடுத்த மாதம் தியேட்டர் லிஸ்ட்டில் என் பெயரைப் போடு என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் அதே கண்ணில் மேலேயிருந்து நிழல் இறங்கியது. மேலே நிழல் என்றால் விழித்திரையின் கீழ்ப்பகுதி உரிகிறது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிந்தன. நடுப்புள்ளி உரிந்துவிட்டது.

சுகுமார் பார்த்தான். நாற்காலியிலிருந்து எழவே இல்லை அவன்.

"மறுபடியும் விலகிடுச்சு மேடம். கீழ எங்கயோ இன்னொரு ஓட்டை இருக்கணும்."

செல்வம் ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசாத மனுஷன். அன்று போட்டார். "இருக்கணும்னா என்னப்பா அர்த்தம்? நீதான பாத்த? ஊருக்கெல்லாம் பாக்குற, படிப்புச் சொல்லிக்கொடுத்தவங்க கண்ணை இப்படியா அரைகுறையா பாப்ப?"

"தப்புதான் சார். மன்னிச்சிடுங்க."

என் முகத்தை அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன். என் பழியை எடுத்து அவன் தலையில் கட்டும்போது நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண் போனதைவிட இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"நிலோஃபரைக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் வந்து பென்சில்களை அடுக்கினாள். அழுத்தினாள். நான் "ஐயோ அம்மா" என்று நன்றாகவே கத்தினேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் நிறுத்தவில்லை, "இன்னும் கொஞ்சம்தான் மேடம், கீழ பாருங்க, இடது பக்கம் பாருங்க" என்று எல்லாரிடமும் சொல்வது போலவே என்னிடமும் சொன்னாள். கடைசியில், கீழ்விளிம்பில், ஒரு மடிப்புக்கு ஓரமாக, வட்டத்துக்குள் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியை வைத்தாள். சுகுமார் வந்து பார்த்து, ஆமாம் என்றான்.

இரண்டாவது ஆபரேஷனில் கேஸுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்தார்கள். விழித்திரை ஒட்டிக்கொண்டது, பார்வைதான் பழையபடி வரவில்லை. பிறகு எண்ணெயை எடுத்தார்கள். இந்தத் தடவை துணிக்கு அடியில் நான் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் செல்வம் மறுபடியும் சுகுமாரைத் திட்ட ஆரம்பித்தார். என்னால் தாங்க முடியவில்லை. டிராயிங் வேண்டாம் என்றது, ஆபரேஷன் நடுவில் முடி என்று கத்தியது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே வந்தவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சுகுமார், அன்னைக்கு உன்னைக் கண்டபடி பேசிட்டேன்ப்பா. மனசுல வச்சுக்காத. உங்க மேடம் பேசணுமாம்."

என்னிடம் நீட்டினார். "சுகுமார், தப்பு என்னுதுடா. உனக்குத் தெரியும்ல?" என்றேன்.

"இல்ல மேடம். கத்தி என் கையிலதான இருந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னு நான் நிறுத்தியிருக்கக் கூடாது." பிறகு சொன்னான்: "உங்க குரலைக் கேட்டா இன்னைக்கும் எனக்குக் கை தானா நின்னுடுது மேடம்."

குறையாகச் சொல்லவில்லை அவன். வானிலை அறிக்கை மாதிரி சாதாரணமாகச் சொன்னான். நான் போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். ஒரு நல்ல சர்ஜனின் கை எப்போது நிற்க வேண்டும், எப்போது நிற்கக் கூடாது என்பதுதானே என் பாடம். அதைச் சொல்லிக்கொடுத்த லட்சணம் இதுதானா என்று கேட்டுக்கொண்டேன்.

டாக்டர்கள் அனுமதித்த பிறகு பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். அங்கே கறிக்கடையிலிருந்து வாங்கி வந்த ஆட்டுக் கண்ணில்தான் பிள்ளைகள் தையல் பழகுவார்கள். நிலோஃபர் தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் தள்ளு" என்று அந்த மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தேன். ஊசியை எடுத்துக் குத்தினேன். காற்றில் குத்தியிருந்தேன். இன்னும் இறக்கினேன். இப்போது ஆழமாகப் போய்ப் பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடியும் முயன்றேன், மறுபடியும் காற்று. நிலோஃபர் பக்கத்திலேயே நின்றாள். உதவிக்கும் வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

ஊசியைக் கீழே வைத்தேன். இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நிலோஃபர், அன்னைக்கு உன்னை டிராயிங் போட விட்டிருந்தா, அந்தக் கீழ் ஓட்டை உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

சொல்ல முடியாது மேடம் என்று அவள் சொல்லியிருக்கலாம். மருத்துவத்தில் அந்த வார்த்தைக்கு எப்போதும் இடம் உண்டு. அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்று என் உடம்பெல்லாம் ஏங்கியது. என் வாழ்க்கையில் ஒரு மாணவியிடம் நான் பொய்யை எதிர்பார்த்தது அந்த ஒரு நொடிதான்.

அவள் யோசித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"தெரிஞ்சிருக்கும் மேடம்."

அந்த ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றை என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் மாணவி அவள். அவளுக்கு முன்னால் வந்த அத்தனை பேரையும் நான் வாயடைத்து அனுப்பியிருக்கிறேன்.

நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்து, நான் பிய்த்து வைத்திருந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, அதற்குப் பக்கத்தில் புதிதாகத் தையல் போட ஆரம்பித்தாள்.